தவணை பிறகு கட்டலாம், ஆள் இருக்கணும்

(சேரங்கோட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டமாக வரவில்லை என்றால், "தவணை பாக்கி, அதான் வரலை" என்று பேசுகிறோம். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்கிறோமா? "நான் இருந்து என்ன புண்ணியம்" என்று ஒருவர் சொன்னால், அதை விளையாட்டாக விடக் கூடாது.

தனியாக உட்கார வைத்து நேராகவே கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதாக்கா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோம் என்று நினைப்பது தவறு. கேட்டால் பாரம் இறங்கும். புத்தி சொல்லாமல் காது கொடுங்கள். அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளையை "நடிக்கிறா" என்று திட்டாதீர்கள். அதுவும் மனவேதனைதான்.

அடுத்தது பூச்சிமருந்து. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அந்த இலங்கையில் 1995-ல் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு, 2005-க்குள் அது பாதியாகக் குறைந்தது. மனசின் வேகம் தணியும்வரை விஷம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தங்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சினேகா அமைப்பு, மருந்தை ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்தது. நம்ம குழுவும் செய்யலாம்.

யாராவது விஷம் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவையும் கூடவே கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம்.

மனசுவிட்டுப் பேச டெலி மானஸ் 14416, இல்லையென்றால் 104. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவரைக் குழுவில் ஒதுக்காதீர்கள். "ஏன் இப்படிச் செய்தே" என்று துருவாதீர்கள். கஞ்சி கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கு நீங்களே கூட்டி வாருங்கள். கடன் பாக்கியை எல்லோர் முன்னும் கேட்காமல், தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடுங்கள்.