ஓட்டமானியும் உப்புக் காற்றும்



மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் ஒரு நாழிகை நின்றாலே உதடு கரிக்கும். அக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைத் துருவேறிய கதவுக் கீல்களே கூறும்.

இத்தகைய கரையில், குழாயில் ஓடும் நீரை அளக்கும் ஓட்டமானி ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். அதன் உணர்பகுதி உலோகக் கூட்டுக்குள் மூடப்பட்டிருக்கும். மூடிய கூட்டில் உப்பு எவ்வாறு புகும் என்று நீங்கள் வினவலாம். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, நுண்ணிய இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. இரவில் கூடு குளிரவே, ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால், உப்புத் துகள் நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமாதலால், மின்கசிவு நேர்ந்து கருவி பிழையான அளவைக் காட்டும். நாளடைவில் அரித்தும் போகும்.

இதற்குப் பரிகாரம் உலர்ந்த நைட்ரஜன். ஒரு துளை வழியே அதனைச் செலுத்தி, மறு துளை வழியே ஈரக்காற்று முற்றும் வெளியேறிய பின் மூடுவர். உள்ளழுத்தம் சிறிது மிகுந்திருந்தால், கசிவு நேரினும் வாயு வெளியே செல்லுமேயன்றி ஈரம் உட்புகாது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆதலின் அது தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. அடைத்த அறையில் அது பெருகினால் பிராணவாயு குறையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரியமில வாயு உடலைவிட்டு வெளியேறிக்கொண்டே இருப்பதால் மூச்சுத் திணறலும் தோன்றாது. மனிதன் திடீரென மயங்கி விழுவான். காப்பாற்ற ஓடியவரும் உடன் மாண்ட நிகழ்ச்சிகள் பல உண்டு.

ஆகவே, கருவியைக் காக்கும் முன், அறையில் நல்ல காற்றோட்டம் உண்டா என்று பாருங்கள். வெளியேறும் வாயுவைக் குழாய் வைத்துத் திறந்த வெளியில் விடுங்கள். காற்றை அகற்றுவதே அதன் தொழில். கூடென்றும் அறையென்றும் அது பேதம் பாராது.