எந்தப் பிழையைப் பொறுப்பது?



அறிவியலைத் தமிழில் பொதுமக்கள் முன் வைப்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நோக்கம். அதற்கேற்ப, கேமராக் காட்சியைக் கணினி அந்தக் கணமே ஆராய்ந்து எச்சரிக்கும் தொழில்நுட்பத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். கோவை மதுக்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் பாதை ஏ, பி என இரண்டாகப் பிரிந்து காட்டுக்குள் செல்கிறது. யானைகள் கடக்கும் வழி அது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரு–சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்தபின்னும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். இருட்டில் யானை கண்ணில் பட்டபின் ஓட்டுநரால் செய்யக்கூடியது சொற்பம்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அங்கே 12 கோபுரங்கள் கொண்ட கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. அவற்றில் சாதாரணக் கேமராக்களோடு, உடற்சூட்டைக் கொண்டு இருளிலும் உருவம் காட்டும் வெப்பக் கேமராக்களும் உண்டு. யானையை அடையாளம் காணப் பழக்கப்பட்ட மென்பொருள் காட்சிகளை ஓயாமல் சலிக்கிறது. யானை தண்டவாளத்தை நெருங்க நெருங்க எச்சரிக்கையின் நிலை உயரும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி ரயில்வேக்குப் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார், வனப் பணியாளர்கள் களத்துக்கு விரைவார்கள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் ‘இது யானை’ என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை. இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றுதான் கணிக்கிறது. எந்த விழுக்காட்டைத் தாண்டினால் மணி அடிப்பது என்பதை மனிதர்தான் வகுக்கிறார். வரம்பைத் தாழ்த்தினால் பொய் எச்சரிக்கை பெருகும். உயர்த்தினால் உண்மையான யானை தவறிப்போகும். இரண்டையும் ஒருசேர ஒழிக்க முடியாது. மதுக்கரையில் பொய் எச்சரிக்கையால் ரயில் சில நிமிடம் தாமதமாகும். எச்சரிக்கை தவறினால் ஓர் உயிர் போகும். ஆகவே வரம்பைத் தாழ்த்துவதே அறம்.

அதே வகை மென்பொருளை மனித முகங்களின் பக்கம் திருப்பினால் கணக்கு தலைகீழாகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் கடக்கும் பேருந்து நிலையத்தில், தேடப்படுவோரின் முகங்களோடு ஒப்பிடும் கேமரா இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு பேரில் ஒருவரை மட்டுமே அது தவறாகச் சுட்டினாலும், குற்றமற்ற ஆயிரம் பேர் அன்றாடம் சந்தேக வளையத்துக்குள் வருவார்கள். ரயிலின் தாமதத்தை மறுநாள் மறந்துவிடலாம். ஊரார் முன் நிறுத்தி விசாரிக்கப்பட்டவர் அதை எளிதில் மறப்பதில்லை.

இக்கவலைக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் வழியே, பொது இடங்களில் காவல்துறை உடனுக்குடன் முகம் அறிவதைச் சில விதிவிலக்குகள் தவிர்த்துத் தடை செய்தது. 2025 பிப்ரவரி 2 முதல் அத்தடை நடைமுறையில் உள்ளது. காணாமற்போனவரைத் தேடுவது, உயிருக்கு ஆபத்தான தாக்குதலைத் தடுப்பது போன்றவையே விதிவிலக்குகள்.

கேமராவே கூடாது என்பதல்ல என் வாதம். மதுக்கரையைப் போற்றுபவன் நான். அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: தண்டவாளத்தருகே யானை உண்டா? செய்தி யாருக்குப் போகிறது, அவர் என்ன செய்வார் என்பதும் தெளிவு. நம் தெருக்களில் பொருத்தப்படும் ஒவ்வொரு கேமராவுக்கும் இதே தெளிவை நாம் கேட்டுப்பெற வேண்டும். எதைத் தேடுகிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், தவறாகச் சுட்டப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பதெல்லாம் பொருத்துவதற்கு முன்பே எழுத்தில் வெளியாக வேண்டும்.

நாளை இந்த மென்பொருள்களை எழுதப்போகும் மாணவர்களே, வரம்பு எண் ஒன்றைத் தட்டச்சு செய்யும்போது, யார் தலையில் பிழை விழலாம் என்றும் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்த எண்ணை மக்கள் முன் வைத்து, காரணம் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத இடத்தில் கேமராவை இயக்க மறுக்கும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.