ஆஷ் காட்டின் இளங்கன்றுகள்



நம் வீட்டு மல்லிகையின் குடும்பத்தில் வானளாவி வளரும் மரம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் ஆஷ் மரம்தான் அது. அடி தாங்கும் கட்டை என்பதால் கோடரிக்காம்பு, துடுப்பு, அந்தக் காலத்து ஹாக்கி மட்டை எல்லாம் அதில் செய்தார்கள்.

1992-இல் போலந்தில் இந்த மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சைதான் காரணம். கோடையில் ஆஷ் மரத்தடியில் குனிந்து பாருங்கள். போன ஆண்டு உதிர்ந்து கறுத்துக் கிடக்கும் இலைக்காம்புகளின்மேல் மிளகளவில் வெள்ளைக் காளான்கள் முளைத்திருக்கும். அவற்றின் வித்துகள் காற்றிலேறி இலையில் படிந்து, காம்பு வழியே கிளைக்குள் இறங்கும். பட்டையில் புண் விழும். நீரோட்டம் நின்று கிளை பட்டுப்போகும். 2012-இல் இந்த நோய் பிரிட்டனிலும் கண்டறியப்பட்டது.

ஆனால் செத்துக்கொண்டிருக்கும் காட்டிலும் சில மரங்கள் பசேலென்று நின்றன. அந்த மரங்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பக்ஸ் குழுவினர் 2016-இல் ஆஷ் மரத்தின் மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 88 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், 38,852 மரபணுக்கள். மரபணு எண்ணிக்கையில் மனிதரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! பிறகு நோயுற்ற மரங்களையும் நலமாக நிற்கும் மரங்களையும் ஒப்பிட்டார்கள். நோயைத் தடுக்கும் தனியொரு மரபணு என்று எதுவும் இல்லை. மரபணுத்தொகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிறுசிறு வேறுபாடுகள் கூடித்தான் அந்த வலிமையைத் தருகின்றன. ஒன்றை மட்டும் எடுத்து இன்னொரு மரத்தில் சேர்த்தால் போதாது.

என்னை உண்மையில் நெகிழவைத்தது 2025-இல் வந்த செய்தி. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் மார்டன் பார்க் என்றொரு காடு. பூஞ்சை வருவதற்கு முன்பே வளர்ந்த மரங்களையும், வந்தபின் முளைத்த கன்றுகளையும் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்களும் பக்ஸும் ஒப்பிட்டார்கள். எதிர்ப்பைத் தரும் வேறுபாடுகள் தாய்மரங்களைவிடக் கன்றுகளில் கூடியிருந்தன. ஆயிரக்கணக்கான இடங்களில் நுண்ணிய மாற்றம். அதுவும் ஒரே தலைமுறையில்! வலுவற்ற கன்றுகள் மடிய, வலுவுள்ளவை தங்கின. இயற்கைத் தேர்வு என்று டார்வின் சொன்னது கண்ணெதிரே நடந்திருக்கிறது.

இந்த வேகம் மட்டும் போதுமா என்பதில் ஆய்வாளர்களுக்கே ஐயம் உண்டு. அதனால் வலுவான மரங்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யவும் வேண்டும், இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடாமல் காக்கவும் வேண்டும் என்கிறார்கள்.