வெளுத்ததெல்லாம் பாலா?

(ராஜகீழ்ப்பாக்கத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

  

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலை வழியாக வரும்போது ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன். நம் பிள்ளைகள் ஒட்டியதுதான். '3.5 சதவீத இட ஒதுக்கீடு: தமிழக அரசே, வெள்ளை அறிக்கை வெளியிடு!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் மேடைக்கு வருமுன் ஒரு தம்பி என் காதருகே வந்து, "ஹஜ்ரத், வெள்ளை அறிக்கை என்றால் என்ன? அது ஏன் வெள்ளை?" என்று கேட்டார். அந்தச் சுவரொட்டியை ஒட்டியவரும் அவர்தான்! நான் சிரிக்கவில்லை. கேட்கத் தோன்றியதே, அதுவே பாதி அறிவு. ஆகவே இன்றைய உரை அந்தத் தம்பியின் கேள்விக்கான பதில்தான்.

அட்டையின் நிறம்

வெள்ளை என்றவுடன் தூய்மை, உண்மை, ஒளிவு மறைவு இல்லாதது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி எதுவும் இல்லை. இது அட்டை விவகாரம். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட தடித்த அறிக்கைகளுக்கு நீல அட்டை போடுவார்கள். அதனால் அவை 'நீலப் புத்தகம்' ஆயின. சிறிய அறிக்கைகளுக்குத் தனி அட்டை கிடையாது. உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளே மேலேயும் இருக்கும். அதனால் அது 'வெள்ளை அறிக்கை'. பிறகு 1967-ல், முடிவெடுக்கும் முன் மக்கள் கருத்தைக் கேட்பதற்காகப் பச்சை அட்டையில் அறிக்கை போட்டார்கள். அது 'பச்சை அறிக்கை'. இவ்வளவுதான் சங்கதி!

1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது இந்த வண்ண வியாபாரம் உச்சத்துக்குப் போனது. ஜெர்மனி வெள்ளைப் புத்தகம் போட்டது. பிரிட்டன் நீலம், ரஷ்யா ஆரஞ்சு, பெல்ஜியம் சாம்பல், பிரான்ஸ் மஞ்சள், அடுத்த ஆண்டு ஆஸ்திரியா சிவப்பு. ஒவ்வொன்றிலும் அரசாங்கக் கடிதங்கள், தந்திகள், ஆதாரங்கள். சண்டையைத் தொடங்கியது நானல்ல, எதிரிதான் என்று அத்தனை புத்தகமும் நிரூபித்தன! எல்லோரும் குற்றமற்றவர்கள் என்றால் மடிந்த லட்சக்கணக்கான உயிர்களுக்கு யார் பொறுப்பு?

ஃபலஸ்தீனம் கண்ட வெள்ளையும் கறுப்பும்

வெள்ளை அறிக்கை சட்டமும் அல்ல. அரசின் கொள்கையை, அரசின் தரப்பைச் சொல்லும் தாள் அது. அதை நம்பி ஏமாந்த சமுதாயம் உண்டு. 1930 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு பாஸ்ஃபீல்டு பிரபுவின் பெயரால் ஃபலஸ்தீனம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. யூதக் குடியேற்றத்துக்கும் நில விற்பனைக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்றது. சியோனிஸ்ட் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1931 பிப்ரவரியில் பிரதமர் மெக்டொனால்டு, வைஸ்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஒரே கடிதத்தில் அறிக்கை ஆவியாகிவிட்டது. அரபு மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கறுப்புக் கடிதம்'. 1939-ல் இன்னொரு வெள்ளை அறிக்கை வந்தது. பத்தாண்டுகளில் சுதந்திர ஃபலஸ்தீனம் என்றார்கள். 1948-ல் நடந்தது என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அயோத்தி அறிக்கை

நம் நாட்டுக்கு வருவோம். 1992 டிசம்பர் 6-ல் பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. மூன்று மாதம் முடிவதற்குள், 1993 பிப்ரவரியில், நரசிம்மராவ் அரசு அயோத்தி பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இடிப்பை அது கடுமையாகக் கண்டித்தது, மறுக்கவில்லை. ஆனால் பழியை யார் மேல் போட்டது? கொடுத்த வாக்குறுதிகளை மீறிய உத்தரப்பிரதேச அரசு மேல். அது பொய்யல்ல, அந்த மாநிலத்தின் முதல்வராக இருந்த கல்யாண்சிங்கை 1994-ல் உச்ச நீதிமன்றமே அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவித்து ஒரு நாள் சிறைத் தண்டனை கொடுத்தது. ஆனால் பக்கத்தில் மத்தியப் படையை நிறுத்தி வைத்துக்கொண்டு டெல்லி என்ன செய்தது என்ற கேள்விக்கு, டெல்லியே டெல்லிக்கு நற்சான்று எழுதிக்கொண்டது.

இரண்டே மாதத்தில், 1993 ஏப்ரலில், பாரதிய ஜனதா கட்சியும் அயோத்தி பற்றித் தன் 'வெள்ளை அறிக்கை'யை அச்சடித்தது. ஒரே சம்பவம், இரண்டு வெள்ளை!

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அயோத்தி நிலம் கையகப்படுத்திய வழக்கில் தீர்ப்பளித்தபோது, பின்னணியைச் சொல்ல மத்திய அரசின் வெள்ளை அறிக்கையிலிருந்தே பத்திகளை எடுத்தாண்டது. எழுதி வைத்தவன் எழுத்து பேசுகிறது. எழுதாதவன் கண்ணீர் காய்ந்துவிடுகிறது.

கடன் பட்டவனே சாட்சியா?

வணிகப் பெருமக்களே! இது உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். அல்-பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம், குர்ஆனிலேயே நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. கடன் பட்டவர் வாசகத்தைச் சொல்லட்டும். எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும். இரண்டு சாட்சிகள் இருக்கட்டும் என்பது அதன் கருத்து. சொல்பவர், எழுதுபவர், சாட்சி என்று ஆள் பிரித்து வைத்த மார்க்கம் நம் மார்க்கம்.

வெள்ளை அறிக்கையில் என்ன நடக்கிறது? கடன் பட்டவனே சொல்கிறான், அவனே எழுதுகிறான், அவனே சாட்சிக் கையெழுத்தும் போடுகிறான். அப்படி ஒரு சீட்டை நீட்டினால் உங்கள் கடையில் ஒரு மூட்டை அரிசி கொடுப்பீர்களா?

தமிழகத்திலும் பார்த்தோம். 2001-ல் புதிய ஆட்சி நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை தந்தது. 2021 ஆகஸ்ட் 9-ல் மீண்டும் ஒன்று. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றது. கணக்கு பயனுள்ளதுதான். ஆனால் இரண்டுமே வந்தவர் போனவரைப் பற்றி எழுதியவை. தான் போகும்போது தன் கணக்கை இப்படி விரித்து வைத்த ஆட்சியை நான் பார்த்ததில்லை.

கமிஷன் அறிக்கை வேறு

சிலர் இரண்டையும் குழப்புகிறார்கள். விசாரணைக் கமிஷன் 1952-ம் ஆண்டுச் சட்டப்படி அமைவது. அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை என்ன என்ற குறிப்போடு அரசு அதைச் சபையில் வைக்க வேண்டும். அதிலும் துயரம் உண்டு. மூன்று மாதம் என்று தொடங்கிய லிபரான் கமிஷன் 17 ஆண்டுகள் கழித்து 2009-ல் அறிக்கை தந்தது. மும்பைக் கலவரத்தில் மடிந்த 900 பேரைப் பற்றி நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா 1998-ல் உள்ளதை உள்ளபடி எழுதினார். அன்றைய மகாராஷ்டிர அரசு அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் எழுதியவர் ஆட்சியாளர் அல்ல, வெளியாள். அதனால்தான் அந்த எழுத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

அப்படியானால் சுவரொட்டியைக் கிழித்துவிடலாமா? வேண்டாம். கேட்போம், ஆனால் கையில் நம் கணக்கோடு கேட்போம்.

2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் கிடைத்தது. 200 இடத்துக்கு 7 இடம். ஆனால் ஒரு துறை ஒரு முறைக்கு ஐந்தாறு பேரையே எடுத்தால், இனச்சுழற்சியில் நம் முறை எப்போது வருகிறது? வந்த இடம் நிரம்பியதா? தகுதியானவர் இல்லை என்று காலியாக நின்றதா? 'மொத்தம் இத்தனை பேர் பயன் பெற்றனர்' என்ற ஒற்றை வரியில் இதற்கெல்லாம் பதில் வராது. துறை வாரியாக, ஆண்டு வாரியாகக் கேட்க வேண்டும்.

தம்பிமார்களே! 2005 தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் அவகாசம். ஒருவர் ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த பதிலைக் கோப்பில் சேருங்கள். ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்திலும் எத்தனை பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேரின் சாதிச் சான்றிதழ் தவறாக இருந்தது என்று ஒரு பதிவேடு வையுங்கள். வணிகர்களே, அந்தப் பிள்ளைகளின் விண்ணப்பச் செலவையும் பயிற்சிச் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாளை அரசு வெள்ளை அறிக்கை தந்தால், அதன் பக்கத்தில் நம் பதிவேட்டை வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போனால் நன்றி சொல்வோம். ஒத்துப்போகாத இடத்தில் விரலை வைத்துக் கேள்வி கேட்போம். அப்போது அரசு மட்டும் பேசாது, சாட்சியும் பேசும்.

அல்லாஹ் நம்மை நீதிக்குச் சாட்சி சொல்பவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.