ஏரியைச் சுற்றி ஒரு நாள்



போன மாதம் மூன்று குழு உறுப்பினர்களோடு நாங்கள் கொடைக்கானல் போய்வந்தோம். "வேலையை விட்டுட்டு ஊர் சுத்தவா?" என்று சில வீடுகளில் கேட்டார்கள். குழுச் சேமிப்பில் கை வைக்கவில்லை, கடனும் வாங்கவில்லை. வாரம் 20 ரூபாய் தனியாகச் சேர்த்தோம். 2024 மே மாதம் முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால் அதை முன்பே எடுத்துக்கொண்டோம்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. வழியில் வெள்ளி அருவியைப் பார்த்தோம். மேலே உள்ள ஏரியில் இருந்து வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. அந்த ஏரி தானாக வந்ததில்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது.

ஏரியைச் சுற்றி நடக்க ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மூட்டுவலி உள்ள அக்கா ஒருவர், "நான் வண்டியிலயே இருக்கேன்" என்றார். உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம் என்று கூட்டிப்போனோம். பாதி வழியில் அவர் சொன்னார்: "நான் ஒரு நாள் இல்லேன்னா வீட்ல அடுப்பு எரியாதுன்னு நெனச்சேன். இப்பப் போன் போட்டேன், சோறு ஆக்கிச் சாப்பிட்டுட்டாங்களாம்!" எல்லோரும் சிரித்தோம். சிலருக்குக் கண் கலங்கியது. அக்கா முழுச் சுற்றும் நடந்து முடித்தார்.

பிள்ளை படிப்புக்கு, வைத்தியத்துக்கு, தொழிலுக்கு என்று சேமிக்கிறோம். வருடத்தில் ஒரு நாள் நமக்காகவும் இருக்கட்டுமே! அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவு எடுங்கள்.