பட்டைத் தவிர்த்த அம்மையார்



குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் (1987-92) துணைவியார் ஜானகி அம்மையார், 2010-ல் மறைந்தவர், பட்டு உடுத்துவதைத் தவிர்த்தார். புழுவைக் கொல்லாமல் பட்டுச் சேலை கிடையாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆந்திரக் கைத்தறித் துறை அலுவலர் குசும ராஜய்யா 'அகிம்சைப் பட்டு' கொண்டுவந்தார். பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு நூற்பது. இழை அறுந்திருக்கும், பளபளப்பும் குறைவு. புழுவோடு அவித்தால் ஒரே இழையாக ஆயிரம் மீட்டர்கூட வரும். இன்ஜினியர் புத்தி, இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்த்தது!

தேவதானப்பட்டியில் எங்க வீட்டில் மல்பெரி போட்டிருந்தோம். என் காலேஜ் ஃபீஸ் பட்டுக்கூடு வித்த காசு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தம்மா கேட்டது நெசந்தான். அப்புறம் உன்ன எதை வச்சுடா படிக்க வச்சிருப்பேன்?" என்றார். கல்யாணப் பட்டுவேட்டியை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை. அம்மாதான் வருஷாவருஷம் நிழலில் காயப்போட்டு மடித்து வைக்கிறார்.