பதிவேட்டில் இல்லாத தந்தை



காணியைப் பண்படுத்தியவன் கையிலே உறுதி இல்லையேல், மன்றிலே அவன் நிலை யாதென்பதை நீவிர் நன்கறிவீர். இங்கிலாந்திலே தந்தையொருவருக்கு நேர்ந்ததும் அதுவே.

1955ஆம் ஆண்டிலே பிறந்து, பெண்ணெனப் பதியப்பெற்று, ஆணாக வாழ்ந்தவர் ஸ்ரீபன் விற்றில். கொடையாளரின் விந்து கொண்டு தம் துணைவி ஈன்ற மகவுக்குத் தம்மைத் தந்தையெனப் பதியுமாறு கேட்டார், மறுத்தனர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, 1997இலே, அவர்கள் குடும்பமே என ஒப்புக்கொண்டும், அவ்வாறு பதியும் கடமை அரசுக்கில்லை எனத் தீர்த்தது.

அவர் சோர்ந்தாரா? இல்லை! 1992இலே தோழர்களுடன் நிறுவிய ‘பிறஸ் போர் சேஞ்ச்’ இயக்கத்தின் வாயிலாகப் போராட்டத்தைத் தொடர்ந்தார்; மஞ்செஸ்ரர் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலே சட்டப் பேராசிரியருமானார். 2002இலே, குட்வின் என்னும் திருநங்கையின் வழக்கிலே, பிரித்தானியா உரிமையை மீறியதென அதே நீதிமன்றம் கண்டது. 2004இலே பாலின அங்கீகாரச் சட்டம் பிறந்தது.

ஆயினும் 2025இலே, சமத்துவச் சட்டத்திலே ‘பெண்’ என்பது பிறப்பின் பாலையே குறிக்குமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஒரு நாளிலே வெல்லப்படுவதுமன்று. வென்றபின் தானாய் நிலைப்பதுமன்று. விளைந்த பயிருக்கும் வேலி வேண்டும், பெரியோர்களே!